பதில்: பல்லவி எழுதினா மேடைப் பேச்சு மாதிரியே வருது

சகோ, நண்பர் போட்ட மெட்டுக்கு நீங்க குடிய விட்ட கதைய பாட்டா எழுதுறீங்க, பல்லவி மட்டும் மேடைப் பேச்சு மாதிரி வருதுன்னு கேட்டிருந்தீங்க. அதுல நம்பிக்கை, வெற்றி, விடியல் எல்லாம் இருக்கு, நீங்கதான் இல்ல. ஆனா ரெண்டாவது சரணத்துல, சம்பளத்தன்னிக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, அந்தக் கடை இருக்குற தெருவ சுத்திக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்னு ஒரு வரி வருதே, அதான் பாட்டு, படிக்கும்போது தொண்டை அடைச்சிருச்சு, அத தூக்கி பல்லவில வைங்க.

அப்புறம் யார்கிட்ட பேசுறோம்னு முடிவு பண்ணிக்கோங்க. 'அரசிளங்குமரி' படத்துக்கு பட்டுக்கோட்டையார் வளர்ச்சிய பத்தி எழுதினது ஒரு சின்னப் பயல்கிட்ட பேசுற மாதிரி, அதனாலதான் முழுக்க அறிவுரையா இருந்தும் உறுத்தாது. 1959ல 29 வயசுலயே போயிட்டாரு மனுஷன், படம் வந்ததே 1961ல. உங்க பொண்ணுகிட்ட சொல்ற மாதிரி எழுதிப் பாருங்களேன்.

வார்த்தை மெட்டுல உக்கார மாட்டேங்குதுன்னா முதல்ல வெறும் தன்னான்னே பாடி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. எங்க இழுக்குதோ அங்க நெடில் வரணும். நீங்க 'நம்பிக்கை'ல 'நம்' மேல இழுக்குறீங்க, வாய் மூடிக்குது, குரலுக்கு வழியே இல்ல, அங்க 'நாளை', 'வாசல்' மாதிரி ஆ சத்தம் வர்ற வார்த்தையா தேடுங்க. எதுகை இடிச்சா இடிக்கட்டும், அதுக்காக நடந்தத மாத்தாதீங்க. புதுப் பல்லவிய தத்தகாரத்தோட, அதான் மெட்டுக்குப் பாடுன அந்த தன்னான்னாவோட, சேத்து இங்கயே போடுங்க, பாடிப் பாத்துட்டு சொல்றேன்.