செர்பென்ஸ், கடிதம்

வணக்கம் சார்,

போர்க்கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் செர்பென்ஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதன் பணி வரலாற்றைத் தேடி வாசித்தேன். எங்கே என்ன ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள் என்றுதான் போகிறது. கடைசியில் ஒரு வெடிவிபத்து. சண்டையே இல்லையே, இதில் சொல்ல என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

ஒரே வரியில் முடித்தது என் பிழை. இப்போதாவது கொஞ்சம் எழுதுகிறேன்.

செர்பென்ஸ் ஒரு லிபர்ட்டி கப்பல், அதாவது இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா ஒரே அச்சில் கட்டிக் குவித்த சரக்குக் கப்பல்களில் ஒன்று. அந்த வகையில் 2,700-க்கும் மேல் கட்டினார்கள். நீளம் 441 அடி, நீராவி எஞ்சின், மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம். 1943 ஏப்ரலில் அதைக் கடற்படை எடுத்துக்கொண்டு, சர்ப்ப விண்மீன் கூட்டத்தின் பெயரை வைத்தது. ஓட்டியவர்கள் கடலோரக் காவல் படையினர். அப்போது அந்தப் படை கடற்படையின் கீழ் இருந்தது.

உங்களுக்குச் சலிப்பூட்டிய அந்தத் துறைமுகப் பெயர்களுக்கு வருவோம். பாகோ பாகோ, போரா போரா, டோங்கா... பசிபிக் தீவுகளில் படைக்கு வேண்டிய உணவு, எண்ணெய், லாரி எல்லாம் ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து வரவேண்டும். பல இடங்களில் கப்பல் அணைய ஒழுங்கான துறையே கிடையாது. கரைக்குத் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகுகளில் இறக்க வேண்டியதுதான். எந்தத் தீவிலாவது ஒரு சிப்பாய் இரண்டு வேளை சாப்பிட்டான் என்றால், இப்படி ஒரு மெதுவான கப்பல் அங்கே வந்து போயிருக்கிறது.

1944 நவம்பரில், பசிபிக்கின் சாலமன் தீவுகளைச் சேர்ந்த குவாடல்கனாலிலிருந்தும் ரஸ்ஸல் தீவுகளிலிருந்தும் பழுதான ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு செர்பென்ஸ் நியூசிலாந்துக்குப் போனது. வெலிங்டனில் அவற்றை இறக்கியதும் அதன் மூன்று சரக்கு அறைகளை வெடிபொருள் வைப்பதற்காக மாற்றினார்கள். பணிப்பதிவில் இதற்கு ஒரு வாக்கியம்தான். அதன் பிறகு வரும் எல்லாமே அந்த வாக்கியத்தில் தொடங்குகிறது.

1945 ஜனவரி 29 இரவு குவாடல்கனாலின் லுங்கா கடற்கரைக்கு அப்பால் கப்பல் நின்றது. அந்தத் தீவில் சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போர்முனை பிலிப்பைன்ஸுக்கு நகர்ந்துவிட்டது. சரக்கு ஏற்றும் வேலைக்கு வந்த தரைப்படை வீரர்கள், நீர்மூழ்கிகளைத் தகர்க்கும் ஆழ்கடல் குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வெடித்தது. மிஞ்சியது அணியம், அதாவது கப்பலின் முன்முனை மட்டும். அங்கே இருந்த சாமான் அறைக்குள் நின்ற இரண்டு பேர் பிழைத்தார்கள். கேப்டனும் இன்னும் ஏழு பேரும் கரைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். கடலோரக் காவல் படையினர் 193 பேர், தரைப்படையினர் 56 பேர், ஒரு மருத்துவர், ஆக 250 பேர் இறந்தார்கள். கடலோரக் காவல் படையின் வரலாற்றில் ஒரே நிகழ்வில் இத்தனை உயிர் போனது இதில்தான்.

முதலில் எதிரியான ஜப்பானின் வேலை என்றார்கள். 1949-ல்தான், இது எதிரித் தாக்குதல் இல்லை, குண்டுகளை ஏற்றும் வேலையிலேயே உள்ள விபத்து என்று கடற்படை முடிவு சொன்னது. மகனைப் போரில் பறிகொடுத்ததாக நான்கு வருடம் நம்பிய ஒரு தாய்க்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் அவர்கள் போரில்தான் இறந்தார்கள். அந்தக் குண்டுகளை யாராவது ஏற்றித்தானே ஆகவேண்டும்?

அதே வருடம் ஜூன் 15 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர்களை மறுபடி அடக்கம் செய்தார்கள். யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. 250 பேருக்கு 52 பெட்டிகள், 28 குழிகள்.

நேரம் கிடைத்தால் அந்தப் பணி வரலாற்றை 1944 நவம்பரிலிருந்து மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். அப்புறம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.