மெம்பிரேன் மேல் பழி போடாதீர்கள்: பட்டறைக்காரர் கேள்வி–பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த மெஷின் வாங்கலாம்?" ரகம். தண்ணீர் மீட்டர், கரண்ட் பில் கணக்கோடு எழுதியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அவர்களுக்கு முதல் மரியாதை.

கே: நிக்கல் பிளேட்டிங் பட்டறை. அலசுவதற்கு மட்டும் தினம் 4,000 லிட்டர் ஆகிறது. குறைக்க வழி உண்டா? (கணபதி, கோவை)

உண்டு. ஒரே ஒரு அலசல் தொட்டி வைத்து, குழாயைத் திறந்தே விட்டிருப்பீர்கள். அதை இரண்டாக்குங்கள். புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வழிந்து முதல் தொட்டிக்கு வரட்டும். சரக்கு ஒரு திசை, தண்ணீர் எதிர்த்திசை. ஒழுங்காக ஓட்டினால் இப்போது ஆவதில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு போதும்.

அதற்கும் முன்னால் ஜிக்கைப் (சரக்கை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டம்) பாருங்கள். நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கிய வேகத்தில் அலசக் கொண்டுபோனால் வழியெல்லாம் பச்சைச் சொட்டு. அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நிக்கல். "பத்து எண்ணிவிட்டு எடு" என்று ஆளிடம் சொல்வதில் பிரயோஜனமில்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் எதற்காக எண்ணப் போகிறார்? தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டிவிடுங்கள். முதல் ஜிக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்ததை இறக்கட்டும். அதற்குள் அது தானாக வடிந்துவிடும். இரண்டு தொட்டிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகட்டை நிக்கல் பக்கம் சாய்த்து வையுங்கள். நிக்கல் தொட்டி 55, 60 டிகிரியில் ஓடுவதால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை முதல் அலசல் தண்ணீரைக் கொண்டே நிரப்பலாம். அழுக்கும் கூடவே திரும்பி வரும் என்பதால் ஃபில்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கே: கம்ப்ரசர் காற்று போதவில்லை. இன்னும் பெரியதாக வாங்கலாமா? (குறிச்சி சிட்கோ)

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, எந்த மெஷினும் ஓடாதபோது கம்ப்ரசரை மட்டும் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே சீறுகிறது என்று காதே சொல்லும். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அது லோடு எடுத்தால் (காற்றை அழுத்தி ஏற்றினால்), உங்கள் காற்றில் முப்பது சதவீதம் ஓட்டை வழியாகப் போகிறது என்று கணக்கு. ஒழுக்கை அடைத்த பிறகு காற்றழுத்தத்தை 7 பாரிலிருந்து 6 ஆகக் குறைத்துப் பாருங்கள். கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம். அதற்கப்புறமும் போதவில்லை என்றால் எழுதுங்கள், பெரிய கம்ப்ரசரைப் பற்றிப் பேசலாம்.

கே: எங்கள் கம்பெனியில் பொல்யூஷன் பிரச்சினை. உடனடித் தீர்வு தேவை.

நீங்கள் ஓட்டுவது பனியன் கம்பெனியா பம்ப்செட் கம்பெனியா என்றே எழுதவில்லையே, சாமி!

கே: சாயப்பட்டறை. ஆர்ஓ மெம்பிரேன் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு) ஆறு மாதத்துக்குள் அடைத்துக்கொள்கிறது. எந்த கம்பெனி மெம்பிரேன் நல்லது? (பெருந்துறை)

எந்த கம்பெனியும் நல்லதுதான். அதற்குள் நீங்கள் அனுப்புகிற தண்ணீர்தான் நல்லதில்லை.

கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாத் தண்ணீரும் ஒரே குழிக்குப் போகிறது." சாயத் தண்ணீர், பெராக்சைடு, சோப்பு, துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர், பாய்லரிலிருந்து திறந்துவிடும் புளோடவுன் தண்ணீர், அத்தனையும் ஒரே சாக்கடையில். வருஷக்கணக்கில் நான் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கோடிக்கணக்கில் கொட்டி ஆர்ஓவும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டரும் வைத்தோம். சாக்கடையை இரண்டாகப் பிரிப்பதற்கு அந்தச் செலவில் ஒரு துளி ஆகியிருக்கும். அதற்குத்தான் பல பேருக்கு மனசு வருவதில்லை.

திருப்பூருக்குக் கீழே நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை ஏன் பாழானது? பார்க்கிறவர் கண்ணுக்குச் சாயம் தெரிந்தது. மண்ணைக் கெடுத்தது உப்பு. நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பாடு. சாயம் துணியில் ஏற நீங்கள் போடும் உப்பில் பெரும்பங்கு முதல் சாயக் குளியலிலும் அதற்கடுத்த ஓரிரு அலசலிலும் இருக்கிறது. அளவில் பார்த்தால் அது மொத்தத் தண்ணீரில் சிறு பங்குதான். அதைத் தனிக் குழாயில் பிடித்து, நிறத்தை நீக்கி, உப்புத் தண்ணீராகவே அடுத்த சாயத்துக்கு எடுக்க வழி பாருங்கள். முடியாததை எவாப்பரேட்டருக்கு அனுப்புங்கள். மீதி அலசல் தண்ணீர் ஆர்ஓவுக்கு. அப்போது மெம்பிரேன் நின்று பேசும்.

அப்புறம், உப்பு போடும் இடத்துக்கே போங்கள். 100 கிலோ துணி, துணிக்கும் தண்ணீருக்கும் விகிதம் 1:8 என்றால் 800 லிட்டர்; லிட்டருக்கு 60 கிராம் வீதம் 48 கிலோ உப்பு. அதே துணியை 1:5இல் ஓட்டினால் 30 கிலோ. பழைய விஞ்சை (தண்ணீர் அதிகம் பிடிக்கும் சாய மெஷின்) இன்னும் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை 1:15க்குப் போட்டுப் பார்க்கட்டும், தூக்கம் போய்விடும். வெளுத்த துணியில் பெராக்சைடை விரட்ட மூன்று அலசல் விடுவதற்குப் பதில் என்சைம் போட்டால் ஒன்றிரண்டு அலசல் மிச்சம். சாஃப்ட்னரை மெஷினுக்குள் ஊற்றி மீதியைச் சாக்கடையில் விடாதீர்கள். மெம்பிரேனில் பசை போல ஒட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்டென்டர் (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) முன்னால் இருக்கும் பேடரில் (துணியை நனைத்துப் பிழியும் உருளை) கொடுங்கள். இத்தனையும் செய்துவிட்டு மெம்பிரேன் கம்பெனியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கே: கழிவுநீரில் போர்வெல் தண்ணீரைக் கலந்தால் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) குறைந்து காட்டுமே? (கரூர்)

காட்டும். உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது, நிலத்தடி நீர் குறையும், சட்டப்படியும் தப்பு. இதை இனிமேல் யாரும் கேட்காதீர்கள்.

கே: பவுண்டரியில் இண்டக்ஷன் ஃபர்னஸ். டன்னுக்கு 700 யூனிட் தாண்டுகிறது. (அரசூர்)

600 பக்கம் கொண்டுவரலாம். ரன்னர், ரைசரை (வார்ப்போடு சேர்ந்து உறையும் உபரித் துண்டுகள்) மணலோடு அப்படியே திரும்பப் போடுகிறீர்களா? அந்த மணலையும் உருக்கிக் கசடாக்கக் கரண்ட் கட்டுகிறீர்கள். தட்டிச் சுத்தம் செய்து போடுங்கள். துருப்பிடித்த ஸ்கிராப்பை விலை குறைவு என்று வாங்காதீர்கள். ஃபர்னஸ் மூடியைத் தேடி எடுத்து மாட்டுங்கள். முக்கால்வாசி இடங்களில் அது சுவரோரம்தான் சாய்ந்திருக்கும்.

கே: ஜெட் (ZED, மத்திய அரசின் தரச் சான்று) சான்றிதழ் எடுத்தால் மெஷினுக்கு மானியம் உண்டா? (அவிநாசி)

அந்த மானியம் முக்கியமாகச் சான்றிதழ் கட்டணத்துக்கு: குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம். உதயம் பதிவு (சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) அவசியம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி, வெண்கலத்தில் தொடங்குங்கள். மெஷின் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் தனியாகக் கேளுங்கள்.

கே: ஈடிபி ஸ்லட்ஜை (கழிவுநீரைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் சகதி) எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்? சூளைக்காரர் ஒருவர் சும்மா எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். (ஈரோடு)

அபாயக் கழிவு வகையில் வந்தால் 2016 விதிப்படி 90 நாள். கூரைக்குக் கீழே, தண்ணீர் இறங்காத தளத்தில், எடை எழுதி. சூளைக்காரரிடம் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள், நாளைக்கு அது எந்த ஓடையில் கிடந்தாலும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.