ஒரே செய்நிரலில் இரண்டு லேடெக்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: உயர்தர மாணவர்களுக்கான பௌதிகவியல், இணைந்த கணிதப் பயிற்சித்தாள்களின் வரைபுகளைப் பைதன் மொழியில், பைஎக்ஸ் நூலகத்தைக் கொண்டு வரைகிறேன். படத்தின் எண், பெயர் முதலிய குறிப்புகளை லேடெக் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருளால் அமைக்கிறேன். இரு பாடங்களுக்கும் வெவ்வேறு எழுத்துரு வேண்டும். முதற் படத்துக்குப் பின் முன்னமைப்பை (எழுத்துரு முதலியவற்றை லேடெக்குக்கு முன்கூட்டிச் சொல்லும் வரிகளை) மாற்றினால் பிழைச்செய்தி வருகிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் லேடெக்கைப் புதிதாகத் தொடக்கினால் வேலை மிகவும் தாமதமாகிறது. என்ன செய்யலாம்?
- ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: பிழைச்செய்தி வருவது முறையே. எழுத்துருப் பொதிகளை அழைக்கும் வரிகள் ஆவணம் தொடங்குமுன் லேடெக்கிடம் சேர வேண்டும். முதற் சொல் கோக்கப்பட்ட பின் அது அவற்றை ஏற்பதில்லை. ஆகவே பாடத்துக்கு ஒன்றாக இரண்டு லேடெக் இயந்திரங்களை (லேடெக்கை ஓட்டும் பைஎக்ஸ் பொருள்களை) செய்நிரலின் தொடக்கத்திலேயே உருவாக்கி, தனித்தனி மாறிகளில் வைத்து, அவற்றின் முன்னமைப்பையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பின்னர் ஒவ்வொரு குறிப்பையும் உரிய இயந்திரத்தால் கோத்துப் படத்தில் சேர்க்கலாம். நூலகம் தானாகத் தரும் பொது இயந்திரத்தை இடைநடுவில் மாற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எந்தப் படம் எந்த அமைப்பில் வந்தது என்று பிறகு தேடுவது பெரும்பாடு.

தாமதத்துக்குக் காரணம் வேறு. ஒரு குறிப்பைக் கோத்தவுடன், லேடெக்கின் அடிப்படை நிரலான டெக் அதன் இடம், வலம், உயரம், ஆழம் ஆகிய அளவுகளை ஒரு செய்தி வரியாகப் பைஎக்ஸுக்குச் சொல்லிவிடுவதால், அச்சருகே எண்ணைப் பொருத்தி வைப்பதற்கு டெக்கை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்ற விபரம், டெக்கின் வெளியீடான டிவிஐ கோப்பில்தான் இருக்கிறது. படத்தைப் பிடிஎஃப் ஆக எழுதச் சொன்னதும், அந்தக் கோப்பைப் பெறுவதற்காகப் பைஎக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் டெக்கை முடித்துவிடும். அடுத்த குறிப்பு வந்ததும் புதிய டெக்கைத் தொடக்கி, முன்னமைப்பு முழுவதையும் மீண்டும் கொடுக்கும். 10 படங்களை வரைந்து வரைந்து எழுதினால் இது 10 தடவை நடக்கும். எல்லாப் படங்களையும் முதலில் வரைந்து, கடைசியில் ஒருசேர எழுதினால் ஓர் இயந்திரத்துக்கு ஒரு தொடக்கமே போதும். குறிப்புக்குள் மார்க்கர் (இட அடையாளம்) வைத்து அதன் இடத்தைக் கேட்பதற்கும் டிவிஐ தேவை என்பதால், அதையும் பிற்படுத்துங்கள்.

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிட விரும்பினால், மேட்பிளாட்லிப் என்ற வேறொரு பைதன் வரைபு நூலகத்தில், லேடெக்கைக் கொண்டு படம் எழுதும் பிஜிஎஃப் வழி ஏற்றது. அதன் இயல்பான இயந்திரமான சீலேடெக் (லேடெக்கின் ஒரு வகை) ஒருங்குறித் தமிழை நேராக வாங்கிக்கொள்ளும். அங்கும் முன்னமைப்பு மாறாதவரை ஏற்கெனவே ஓடும் லேடெக்கே திரும்பப் பயன்படுகிறது. ஆகவே தமிழ் எழுத்துருவைப் படத்துக்குப் படம் மாற்றாமல், முன்னமைப்பில் ஒரே தடவை குறித்துவிடுங்கள்.