மெயிலின் அடியில் பெயர், பதவி, லோகோ போன்றவற்றைத் தானாகச் சேர்க்கும் கையொப்பச் சேவை போட்டால் நம் மெயில் ஸ்பேமுக்குப் போகுமா?

போகலாம், ஆனால் அது கையொப்பம் எந்த இடத்தில் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அவுட்லுக்கிலேயே, அனுப்புவதற்கு முன்பே கையொப்பம் மெயிலுக்குள் வந்துவிட்டால் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) எதற்கும் பாதிப்பில்லை.

சிக்கல் எல்லாம் சர்வரில் சேர்க்கும் சேவைகளில்தான். மெயில் உங்கள் மைக்ரோசாஃப்ட் 365-ஐ விட்டு வெளியே போய், அந்தச் சேவையின் சர்வரில் கையொப்பம் ஏறி, அப்புறம்தான் பயணம் தொடர்கிறது. டிகேஐஎம் முத்திரைக்குள் மெயில் உடலின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) இருப்பதால், முத்திரை விழுந்த பிறகு ஒரு வரி கூடினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். ஆகவே கடைசியாக மெயிலைத் தொடுகிறவர்தான் முத்திரை போட வேண்டும். மெயில் 365-க்கே திரும்பி வந்து அங்கிருந்து கிளம்பும் அமைப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன், உங்கள் டொமைனுக்கு டிகேஐஎம்மை மட்டும் அங்கே இயக்கி வையுங்கள்.

சேவையே நேராகப் பெறுநருக்கு அனுப்புகிறது என்றால் அதை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க வேண்டும் (அந்தப் பதிவைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள், அதாவது டொமைன் விவரத் தேடல்கள், 10-ஐத் தாண்டினால் மொத்தப் பதிவும் பிழையாகிவிடும்), உங்கள் டொமைன் பெயரிலேயே டிகேஐஎம் சாவியும் அமைக்க வேண்டும். எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பெறுநர் மெயிலை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடையும், அப்போது டிமார்க்கை (எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் உங்கள் டொமைன் பெயரில் தேறுகிறதா என்று பார்க்கும் சோதனை) காப்பாற்றுவது டிகேஐஎம்தான்.

படங்கள், கிளிக்கைக் கண்காணிக்கும் இணைப்புகளையும் குறையுங்கள், அந்த இணைப்புகளின் டொமைனுக்குக் கெட்ட பெயர் இருந்தால் அது உங்கள் மெயிலையும் பாதிக்கும். எல்லாம் அமைத்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அசல் செய்தியை (Show original) திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் தேறியிருக்கிறதா என்று பாருங்கள்.