கஷாயத்தையும் கணக்கில் எடுங்கள்: மருத்துவப் பணியாளர் கேள்விகளுக்கு ஒரு மருந்தியலாளரின் பதில்கள்

கேள்வி (வார்டு செவிலியர்): வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்கிறார்கள். மூன்றாம் நாள் தலையணைக்கடியில் சூரண டப்பா இருக்கிறது. எப்படித்தான் கேட்பது?

பதில்: அவர்கள் மறைக்கவில்லை, வீட்டில் இடித்த பொடியை மருந்து என்று அவர்கள் நினைப்பதே இல்லை. ஆகவே கஷாயம், லேகியம், சூரணம், கீரைச் சாறு, சத்து மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டு இரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு அம்மாவுக்கு, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.8-லிருந்து 1.6-க்கு இறங்கியபோது, மாத்திரையை விட்டுவிட்டார் என்றே நானும் எண்ணினேன். காலையில் என்னென்ன குடிப்பீர்கள் என்று கேட்ட பிறகுதான், மூட்டுவலிக்காக நாள்தோறும் ஒரு டம்ளர் முருங்கைக்கீரைச் சாறு குடிப்பதாகச் சொன்னார். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் செயலை முறித்துவிடும். அதற்காகக் கீரையைத் திடீரென நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறி இரத்தக்கசிவு வரலாம் என்பதால், உண்ணும் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ளச் சொல்லி, அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையின் அளவைத் திருத்துவதே முறை.

கேள்வி (மருந்துக்கடைப் பணியாளர்): தைராய்டு மாத்திரையுடன் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம்; 4 மணி நேர இடைவெளி வேண்டும். அதை உறையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): சமையலறைப் பொருள்களுக்கும் அஞ்ச வேண்டுமா?

பதில்: ரசத்தில் போடும் மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், செறிவூட்டிய காப்ஸ்யூலாக உள்ளே போகும்போது, வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் இரத்த அளவை உயர்த்தக்கூடும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் மிகுதியாகச் சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். இதய மருந்தான டிகாக்சினும், சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூஸ்மைடும் சாப்பிடுபவருக்கு அது இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

கேள்வி (சித்த மருத்துவர்): குற்றம் முழுவதும் எங்கள் மருந்தின் மேல்தானா?

பதில்: இல்லை, ஐயா. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரை சாப்பிடுபவர் உங்களிடம், அதேபோல் சர்க்கரையைக் குறைக்கும் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிச் சென்று சர்க்கரை தாழ்ந்து மயங்கினால், அவரது சீட்டை நீங்கள் பார்க்காததும், அவரது பொடியைப் பற்றி நாங்கள் கேட்காததும் சேர்ந்தே அதற்குக் காரணம். அப்படி ஒன்று நேர்ந்தால், பொடியின் தயாரிப்பாளர், தொகுதி எண், சாப்பிடத் தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.