641 எங்கிருந்து வந்தது?

அன்பின் ஐயா,

10ஆம் தரத்தில் படிக்கும் என் மகள் 4294967297 என்ற எண்ணைப் போனில் அடித்து, 641 ஆல் வகுத்துக் காட்டினாள். மீதியே இல்லை. 1732இல் ஒய்லர் என்ற கணித மேதை கண்டுபிடித்தது என்றாள். கல்குலேட்டர் இல்லாத காலத்தில் 641 எப்படி ஒருவருக்குத் தோன்றும்? 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருப்பாரா?

ஓர் ஆசிரியை, திருக்கோவில்

அன்பின் ரீச்சர்,

உங்கள் பக்கம் வயல் பக்கம் என்பதால் நெல்லிலேயே சொல்கிறேன். ஒரு நெல்லை வைத்து 32 தடவை இரட்டித்து, கடைசியில் இன்னும் ஒரு நெல் போடுங்கள். அதுதான் இந்த எண்: 2³² + 1. களவெட்டியில் அந்தப் பொலியை 641 குவியலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 6700417 நெல் இருக்கும், ஒன்றுகூட மிஞ்சாது.

2 இன் வலு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போக, ஒவ்வொன்றிலும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும், எல்லாம் முதன்மை எண்கள். அதனால் அடுத்ததான 2³² + 1 உம் அப்படித்தான் இருக்கும் என்று 1640 அளவில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அந்த நம்பிக்கையை உடைத்தது 641.

ஒவ்வொன்றாக வகுத்தால் 115 முதன்மை எண்களில் தோற்ற பிறகே 641 வரும். ஆனால் இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும் அதை 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இதை நிறுவியவரும் ஒய்லர்தான். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது வகுத்தலிலேயே முடிந்துவிடும்! 1878இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், 128 ஆல் வகுத்தாலும் மீதி 1 தான் வரவேண்டும் என்று காட்டினார். இப்போது 257ம் 641ம் மட்டுமே மிச்சம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வகுக்காமலே காட்டும் வழி. மகளைக் கொப்பியில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 641 என்பது 640 + 1. அந்த 640 என்பது 5 × 2⁷. அதே 641 தான் 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஓர் எண்ணின் நான்காம் வலுவில் 1 ஐக் கழித்தால் வருவது, அந்த எண்ணுடன் 1 ஐக் கூட்டினால் வருவதால் வகுபடும் என்பது அவளுக்குக் காரணிப்படுத்தலில் தெரிந்ததுதான். ஆகவே 640⁴ − 1, அதாவது 5⁴ × 2²⁸ − 1, 641 ஆல் வகுபடும். இனி இரண்டாவது வடிவத்தை 2²⁸ ஆல் பெருக்குங்கள்: 5⁴ × 2²⁸ + 2³². இதுவும் 641 ஆல் வகுபடும். சரி, பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். 2³² + 1 தான் மிஞ்சுகிறது. பத்து இலக்க எண் ஒன்றை எழுதாமலே வேலை முடிந்துவிட்டது. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அடுத்து 2⁶⁴ + 1 ஐப் பற்றிக் கேட்பாள். அதன் ஒரு காரணி 274177. 1880இல் அதைக் கண்டு வெளியிட்டவர் பிரான்சின் லாண்ட்ரி, அப்போது அவருக்கு 82 வயது. அதை 256 ஆல் வகுத்தால் மீதி என்ன வருகிறது என்று முதலில் அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.