நிஜத்தில் நடந்த டாங்கிப் போர் எதையாவது வீடியோ கேமில் ஆடியிருக்கிறீர்களா? உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது?

ஆடியிருக்கிறேன். ‘டாங்க் க்ரூ: கிளாஷ் அட் புரோகோரோவ்கா’. இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலை 12, ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் போரின் நடுவில், புரோகோரோவ்கா ரயில் நிலையத்துக்கு அருகே நடந்த மோதல். சோவியத் பக்கம் தளபதி ரோத்மிஸ்த்ரோவின் டாங்கிப் படை, எதிரே ஜெர்மனியின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) படைகள்.

முதல் நாள் சோவியத் டாங்கியான டி-34இல் ஏறினேன். ஐந்தே நிமிடத்தில் காலி. யார் சுட்டார்கள், எங்கிருந்து என்றே தெரியவில்லை. கேமைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், அன்று அந்த டாங்கிக்குள் இருந்தவர்களுக்கும் இதே கதிதான்!

அந்த டி-34இன் மேல்கூட்டில் இரண்டே பேர். ஒருவர் குண்டு ஏற்றுவார். கமாண்டர்தான் குறி பார்க்க வேண்டும், சுட வேண்டும், டிரைவருக்கு வழியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கனரக டாங்கியான டைகரில் கமாண்டருக்குச் சுடும் வேலை கிடையாது. சுற்றிப் பார்த்துச் சொன்னால் போதும். அதன் முன்பக்கத் தகடு 100 மி.மீ. தடிமன். டி-34இன் 76 மி.மீ. பீரங்கியால் தூரத்திலிருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாட்டில், கிட்டே போய் அடிக்க வேண்டும். அன்று சோவியத் டாங்கிகள் வெட்டவெளியில் முழு வேகத்தில் ஏன் பாய்ந்தன என்பது ஆடும்போதுதான் புரிந்தது.

சரி, எங்கே தவறுகிறது? கேமில் ஜெர்மனியின் டாங்கி அழிப்பு வண்டி ஃபெர்டினாண்ட் இருக்கிறது, பேந்தர் டாங்கியும் இருக்கிறது. ஓட்ட ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபெர்டினாண்டுகள் அந்த நாட்களில் வடக்கே போனிரி பக்கம் சண்டையிட்டன; பேந்தர்கள் இருந்தது வேறொரு படைப்பிரிவில். புரோகோரோவ்காவில் டைகர்களே கொஞ்சம்தான், பெரும்பாலும் அதைவிடச் சிறிய பான்சர் 4, பான்சர் 3 டாங்கிகள். ஒரே வயலில் 1,500 டாங்கிகள் மோதின என்ற பழைய சோவியத் கணக்கும் ஆவணங்கள் வெளிவந்த பிறகு நிற்கவில்லை. ரோத்மிஸ்த்ரோவ் சில நாட்களில் 300க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தார். அன்று ஜெர்மானியர்கள் அடியோடு இழந்தவை மிகச் சில. என் கம்ப்யூட்டரில் பதினைந்து டாங்கி வந்தாலே ஃபேன் அலறுகிறது, அது வேறு விஷயம்.

சோவியத் இழப்புக்கு ஒரு காரணம் அவர்களே வெட்டிய டாங்கித் தடுப்புப் பள்ளம். மோதலுக்கு முந்தைய நாள் அந்த இடம் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் பாய்ந்து வந்த டி-34கள் பல அதற்குள்ளேயே விழுந்தன. கண் இருந்தும் எப்படி விழுவார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

ஆன்லைனில் ஒரே டாங்கியைப் பலர் சேர்ந்து ஓட்டலாம். ஒருநாள் சித்தப்பா பையன் டிரைவர், நான் கமாண்டர். தூரத்தில் ஒரு பான்சர் 4 தெரிந்ததும் குறிக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். “அண்ணா, இடதா வலதா?” என்றான். “இரு, இரு” என்றேன். மறுபடி கேட்டான். நான் சுட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணாடியில் பான்சர் மறைந்து வெறும் புல்லும் மண்ணும் தெரிந்தது. ஓடைப் பள்ளத்தில் மூக்குக் குத்தி நின்றிருந்தோம்.

“நீதானே ஒண்ணும் சொல்லல” என்றான்.